பன்னிரண்டு பசங்களும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும்

ஒர்க் ஸ்டடி பாடத்தில் தெர்ப்ளிக் என்று ஒரு வார்த்தை வரும். மெக்கானிக்கல் பசங்க ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. தேடுவது, பிடிப்பது, நகர்த்துவது என்று கைவேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு தெர்ப்ளிக். கில்பிரெத் என்ற பெயரின் எழுத்துக்களை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டு வந்த சொல் அது.

ஃபிராங்க் கில்பிரெத் 1868-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். காலேஜ் பக்கம் போகாமல், 17 வயதில் கொத்து வேலை பழகப் போனார். அங்கே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. ஒரே கொத்தனார் அவசரத்தில் ஒரு மாதிரி கல் வைக்கிறார், நிதானமாக வேறு மாதிரி, புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இன்னொரு மாதிரி. இதில் எதுதான் சரி?

அவர் யாரையும் வேகமா செய்யச் சொல்லி விரட்டவில்லை. குனியாமல் கல் எடுக்கிற மாதிரி சாரத்தில் ஒரு தட்டு வைத்தார். கல்லைப் பார்த்துத் திருப்பி அடுக்கி வைக்க உதவியாள் போட்டார், கொத்தனாருக்குக் கல் வைப்பது மட்டும்தான் வேலை. ஒரு கல்லுக்கு 18 அசைவு இருந்தது 5 ஆனது. மணிக்கு 120 கல் வைத்த இடத்தில் 350.

அப்புறம் இதே பாடம் வீட்டுக்கு வந்தது. மனைவி லிலியன் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், கம்பெனியிலும் பார்ட்னர். பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பாத்ரூமில் சார்ட் தொங்கும், பல் தேய்த்தால் டிக் போடணும். ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பிள்ளை பொறுப்பு. கரண்ட், தண்ணி வீணாக்கினால் அபராதம் போட ஒரு கமிட்டி. வேலி பெயிண்ட் அடிக்க டெண்டர் விட்டார்கள். 47 சென்ட் கேட்ட குட்டிப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. பாவம், அது பல நாள் இழுத்தது. அப்பா தொகையை ஏற்றவில்லை, ஆனால் அவள் ஆசைப்பட்ட ஸ்கேட்ஸை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

டைப்பிங் சொல்லிக்கொடுத்த கதைதான் எனக்கு இடிக்குது. எழுத்தில்லாத கீ, கலர் பூசிய விரல், தப்பு செய்தால் தலையில் பென்சிலால் ஒரு தட்டு. ரெண்டு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள், சரி. ஆனா பக்கத்திலேயே கேமராவும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பாடமும் அவங்களுக்குத்தான், ஆராய்ச்சி சாம்பிளும் அவங்கதான். அவரை முழுசா குறை சொல்லவும் முடியல. தன்னையும் விட்டுவைக்காத மனுஷன். ரெண்டு ரேஸரில் ஷேவ் செய்து 44 செகண்ட் மிச்சம் பிடித்தவர், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப்போட ரெண்டு நிமிஷம் ஆனதும் அதைக் கைவிட்டார்.

1924 ஜூனில், ரயில் நிலையத்திலிருந்து லிலியனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்றுவிட்டது. வயது 55. ஒரு மகள் ஏற்கெனவே டிப்தீரியாவில் போயிருந்தாள். மிச்சம் 11 பேர்.

சில நாட்களில் லிலியன் அவருக்குப் பதிலாக ஐரோப்பிய மாநாடுகளில் பேசக் கப்பல் ஏறினார். வீட்டைப் பார்த்துக்கொண்டது அந்தப் பிள்ளைகளின் கமிட்டிகள். திரும்பி வந்தால், பெண் என்பதால் சில ஃபேக்டரிகள் காண்ட்ராக்டைத் தொடரவில்லை. அவர் அடுப்படியை ஆராயத் தொடங்கினார். காலால் மிதித்துத் திறக்கிற குப்பைத்தொட்டியும் ஃப்ரிட்ஜ் கதவில் உள்ள தட்டுகளும் அவர் பெயரில்தான் சொல்லப்படுகின்றன.