ஜப்பான் தளபதி வேடம் போட்ட சேலம் முதலாளி: யார் இந்த டி.ஆர்.சுந்தரம்?

போர்க்கால ராணுவ வாழ்க்கையை வைத்து காமெடி சீரியல் எடுக்க முடியுமா? அமெரிக்காவின் 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' (1965), பிரிட்டனின் 'டாட்ஸ் ஆர்மி' (1968) ரெண்டுமே இரண்டாம் உலகப்போரை வைத்துச் சிரிக்க வைத்தவைதான். ஆனா, இரண்டும் போர் முடிந்து 20 வருஷம் கழித்து வந்தவை. 'ஹோகன்ஸ் ஹீரோஸ்' தொடரில் அசட்டு நாஜி கர்னலாக நடித்த வெர்னர் கிளெம்பெரர், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததால் குடும்பத்தோடு ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்.

கொங்கு மண்ணில் ஒருத்தர், போர் நடந்துகொண்டிருந்தபோதே எதிரி ராணுவ அதிகாரி வேடம் போட்டார். படம் 'பர்மா ராணி' (1945). அதன் தயாரிப்பாளர், இயக்குநர், ஜப்பான் தளபதி எல்லாமே அவர்தான். சிரிப்புப் படம் இல்லை, உளவு த்ரில்லர்.

நூலில் இருந்து பிலிமுக்கு

திருச்செங்கோட்டில் 1907-ல் பிறந்தவர் சுந்தரம். ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போனார். ஆங்கிலேயப் பெண்ணான கிளாடிஸைத் திருமணம் செய்துகொண்டு ஊர் திரும்பினார். மில் முதலாளி ஆகியிருக்க வேண்டியவர், சேலத்தில் சினிமா பக்கம் வந்துவிட்டார். 1930-களின் மத்தியில் ஏற்காடு அடிவாரச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எழுந்தது. மில் நடத்துவது போலவே ஸ்டுடியோவையும் நடத்தினார்: மாதச் சம்பளம், நேரத்துக்கு வேலை, கறாரான கண்டிப்பு. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) இவர் தயாரிப்புதான். பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 'உத்தம புத்திரன்' (1940) பெரிய ஹிட்.

பர்மா ஏன்?

போர் வந்ததும் பிலிம் தட்டுப்பாடு வந்தது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. கூடவே, போருக்கு ஆதரவான படங்களை எடுக்கச் சொல்லி ஸ்டுடியோக்களை நெருக்கியது. கே.சுப்பிரமணியம் 'மானசம்ரட்சணம்', ஜெமினி 'கண்ணம்மா என் காதலி', கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ 'என் மகன்' என்று 1945-ல் வரிசையாக வந்தது இந்தக் காரணத்தால்தான்.

சுந்தரம் எடுத்த கதை: ஜப்பான் பிடியில் இருக்கும் பர்மாவில் மாட்டிக்கொள்ளும் இந்திய விமானிகள், அவர்களைக் காப்பாற்றத் துணியும் ராணி. ராணியாக கே.எல்.வி.வசந்தா, நாயகனாக ஹொன்னப்ப பாகவதர்.

தமிழ் ரசிகருக்கு பர்மா வெறும் சினிமா செட் இல்லை. 1942-ல் ரங்கூன் விழுந்தபோது, அங்கே பிழைக்கப் போன ஏராளமான தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே திரும்ப வேண்டியிருந்தது. வழியிலேயே செத்தவர்கள் பலர். இன்னொரு பக்கம், மலேயா, பர்மா தமிழர்கள் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, அதே ஜப்பான் படையோடு தோள் சேர்ந்து நின்றார்கள். இங்கே காங்கிரஸ் தலைவர்கள் சிறையில். இந்த நிலையில் ஜப்பான்காரனை வில்லனாக்குவது யாருக்காக என்ற கேள்வி சும்மா போகாது.

சுந்தரம் வெள்ளைக்காரர்களின் ஆள் என்று முடிவு கட்டுவது அவசரம். அவருக்கு ஸ்டுடியோ ஓடணும், அவ்வளவுதான். அரசியலையும் அவர் ஒரு கச்சாப் பொருளாகத்தான் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு திராவிட இயக்கத்தின் மு.கருணாநிதியை எழுத வைத்து 'மந்திரி குமாரி' (1950) எடுத்தார். காங்கிரஸ் ஆட்சியைக் கிண்டலடித்த 'திரும்பிப் பார்' (1953) படத்தை அவரே இயக்கினார். போர்க்காலத்தில் சர்க்காருக்கு ஒத்துப்போனவர், எட்டே வருஷத்தில் சர்க்காரைச் சீண்டுகிறார்! ரெண்டு நேரத்திலும் தியேட்டர் கணக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது.

எம்.ஜி.ஆர் நடித்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். மலையாளத்தின் முதல் வண்ணப்படம் 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) கூட இவருடையதே.

1963 ஆகஸ்டில், 56 வயதில் சுந்தரம் இறந்தார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்து 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று மறுபடியும் உளவு வேலைக் கதைகளுக்கே போனார்.