கையேந்திக் கட்டிய கல்லூரி: மேரி மெக்லவுட் பெத்தூன் அம்மையார்

அரசின் கையை எதிர்பாராது, பொதுமக்கள் தரும் பொருளைக் கொண்டே நடைபெறும் சிறு கல்லூரிகளின் வரலாறு எந்நாட்டிலும் பெரும்பாலும் எழுதப்படாமலே போய்விடுகிறது. அத்தகைய கல்லூரி ஒன்றைத் தம் கையால் தோற்றுவித்து, பிற்காலத்தில் அவ்வகைக் கல்லூரிகள் பலவும் ஒன்றுகூடித் தமக்கென ஒரு நிதியமைப்பை நிறுவிய பணியிலும் பங்குகொண்டவர் அமெரிக்கக் கறுப்பினப் பெருமாட்டி மேரி மெக்லவுட் பெத்தூன் அம்மையார் ஆவார். சமுதாயப் பெரியோரின் கொடையால் எழுந்த கட்டடங்களில் கற்றும் கற்பித்தும் வரும் நமக்கு அவர்தம் வாழ்க்கை அயலார் கதையாகத் தோன்றாது.

1875ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்து மேஸ்வில் என்னும் சிற்றூரின் அருகே அவர் பிறந்தார். தந்தை சாமுவேல், தாய் பேட்சி இருவரும் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்றவர்கள். அவர்களுக்குப் பிறந்த மக்கள் பதினெழுவர், மேரி பதினைந்தாமவர். பருத்தி விளைவிப்பதே குடும்பத் தொழில். தாயுடன் ஒருநாள் வெள்ளையர் வீடொன்றுக்குச் சென்றிருந்த சிறுமி மேரி, அங்குக் கிடந்த நூலொன்றைக் கையிலெடுத்தாள். படிக்கத் தெரியாத இனத்தாளுக்கு நூல் எதற்கு என்னும் கருத்துப்பட அவ்வீட்டுக் குழந்தை அதனைக் கீழே வைக்கச் செய்தது. வெள்ளையர்க்கும் தம் மக்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எழுத்தறிவு ஒன்றே என்று அன்று தமக்குப் பட்டதாக அம்மையார் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

மேஸ்விலில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையார் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி திறந்தனர். குடும்பத்திலிருந்து அங்குச் செல்லும் பேறு மேரி ஒருவருக்கே வாய்த்தது. நாள்தோறும் நெடுந்தொலைவு நடந்து சென்று கற்றதை மாலையில் வீட்டாருக்குக் கற்பித்தார். அவர் வட கரோலினாவிலிருந்த ஸ்காட்டியா செமினரியில் மேற்கல்வி பெற உதவியவர், டென்வர் நகரில் தையல் தொழில் செய்துவந்த மேரி கிறிஸ்மன் என்னும் அம்மையார். தையற்கூலியில் மிச்சம் பிடித்து, முகமறியாத ஒரு கறுப்பினப் பெண்ணின் கல்விக்கு அவர் பொருள் அனுப்பினார். பெருஞ்செல்வர் பலரின் கொடையைப் பின்னர்ப் பெற்ற ஒரு வாழ்வு, ஊசி பிடித்த கையொன்றின் சிறு சேமிப்பில் தொடங்கியது நம் கருத்திற்குரியது.

பின்னர்ச் சிகாகோவில் மூடி நிறுவிய சமயப் பயிற்சிக் கழகத்தில் பயின்றார். ஆப்பிரிக்காவுக்குச் சென்று தொண்டாற்றுவதே அவர்தம் ஆசை. விண்ணப்பித்தபோது, கறுப்பினத் தொண்டர்க்கு அங்கு இடமில்லை என்ற விடை வந்தது. முன்னோர் மண்ணுக்குச் செல்ல நிறமே தடையாயிற்று! அவர் தென் மாநிலங்களுக்குத் திரும்பி ஆசிரியப் பணி ஏற்றார். ஜார்ஜியா மாநிலத்து ஆகஸ்டா நகரில் லூசி லேனி என்னும் கறுப்பினக் கல்வியாளர் நடத்திய பள்ளியில் பணியாற்றியபோது, ஒரு பெண் தனியொருத்தியாய்ப் பள்ளி நடத்த இயலும் என்பதைக் கண்ணாரக் கண்டார். 1898இல் அல்பர்ட்டஸ் பெத்தூன் என்பவரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான்.

ஃபுளோரிடாவின் கீழைக்கரையில் இருப்புப்பாதைப் பணிக்காகக் கறுப்பினத் தொழிலாளர் பலர் குடியேறியிருந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. டேட்டோனா என்னும் கடற்கரை ஊருக்கு வந்த அம்மையாரின் கையில் இருந்தது ஒன்றரை டாலர். 1904ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், வாடகை வீடொன்றில் ஐந்து சிறுமியருடனும் தம் மகனுடனும் பள்ளியைத் தொடங்கினார். பழைய மரப்பெட்டிகளே மேசையும் இருக்கையும். கரிந்த மரத்துண்டுகள் எழுதுகோலாயின. எல்டர்பெரி என்னும் பழத்தின் சாறு மையாயிற்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கை நிரப்பிச் சுட்ட இனிப்புப் பண்டத்தைத் தொழிலாளரிடம் விற்று அன்றாடச் செலவை ஓட்டினர். ஊர்க்குப்பை கொட்டப்பட்டு வந்த ஓர் இடத்தை இருநூறு டாலருக்கு விலைபேசி, ஐந்து டாலரை முன்பணமாகக் கொடுத்து, எஞ்சியதைத் தவணையில் அடைத்தார். அக்குப்பை மேட்டின்மேல் எழுந்த முதற் கட்டடத்திற்கு ‘நம்பிக்கை மண்டபம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார்.

நிதி திரட்டுதலில் அவர்தம் துணிவு வியப்புக்குரியது. குளிர்காலத்தில் டேட்டோனாவுக்கு வந்து தங்கும் வடநாட்டுச் செல்வரின் விடுதிகளுக்குத் தம் மாணவியரை அழைத்துச் சென்று பாடச் செய்வார். சவர்க்கார உற்பத்தியால் புகழ்பெற்ற நிறுவனத்தைச் சார்ந்த ஜேம்ஸ் கேம்பிள், அழைப்பை ஏற்றுப் பள்ளியைக் காண வந்தார்; கண்டதோ சின்னஞ்சிறு குடில். இருக்கும் பள்ளிக்கு அன்று, தம் உள்ளத்தில் உள்ள பள்ளிக்கே அவரை அறங்காவலராக அழைப்பதாக அம்மையார் விளக்கினார். கேம்பிள் இசைந்தார். தையற்பொறி உற்பத்தியாளர் தாமஸ் ஒயிட்டும் பின்னர்ப் பெருந்துணை புரிந்தார்.

வெள்ளைச் செல்வரிடம் கைநீட்டியதும், சமையல், தையல் முதலிய கைத்தொழிற் கல்வியை முன்னிறுத்தியதும் அவர் இனத்தாருள் சிலர்க்கு உவப்பாய் இல்லை. அக்குறையில் ஓரளவு உண்மையும் உண்டு. கொடுப்பவர் விரும்பும் மொழியில் பேசினால்தான் கொடை வரும் என்ற நிலை எவர்க்கும் பெருமை தருவதன்று. எனினும், அவர் பணிந்து பெற்றாரேயன்றித் தம்மை விற்றுப் பெற்றாரல்லர் என்பதே நம் துணிபு. இன ஒதுக்கல் சட்டங்கள் கோலோச்சிய அம்மாநிலத்தில், பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு வருவோர் நிறம் பாராது ஒருங்கே அமர வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. கறுப்பின நோயாளர்க்கு மருத்துவமனை வாயில் அடைபட்டிருந்ததால் 1911இல் இரண்டு படுக்கைகளுடன் தாமே ஒரு மருத்துவமனை தொடங்கினார். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது, கறுப்பின மக்கள் எழுத்தறிவுத் தேர்வில் தேறவும் தேர்தல் வரி செலுத்தவும் துணைநின்றார். முகமூடி அணிந்த கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தார் இரவில் பள்ளி வளாகத்திற்கு அணிவகுத்து வந்தனர். அம்மையார் அஞ்சவில்லை, மாணவியர் இறைப்பாடல் இசைத்தனர், வந்தவர் திரும்பினர். வாக்காளர் தம் வாக்கைச் செலுத்தினர்.

1923இல் அப்பள்ளி, ஜாக்சன்வில் நகரில் 1872 முதல் நடந்துவந்த குக்மன் கல்விக்கூடத்துடன் இணைந்தது. பெத்தூன்-குக்மன் கல்லூரி என்னும் பெயர் நிலைபெற்றது. 1941இல் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடத்தும் தகுதி கிட்டியது. இதற்கிடையே 1935இல் கறுப்பினப் பெண்டிரின் தேசிய மன்றத்தை நிறுவினார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் தேசிய இளைஞர் நிருவாகத்தின் கறுப்பினப் பிரிவுக்குத் தலைமை ஏற்று, ஏழை மாணவர் பலர்க்கு உதவித்தொகை கிடைக்கச் செய்தார். வாஷிங்டனில் செல்வாக்கு வளர்ந்தபோதும் கல்லூரியின் கடன் கவலை அவரைவிட்டு நீங்கவில்லை. 1942இல் உடல்நலம் குன்றித் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

இனி அந்நிதியமைப்பின் வரலாற்றுக்கு வருவோம். 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் கறுப்பினத் தனியார் கல்லூரிகள் அனைத்தும் ஒரே இடரில் சிக்கின. பழைய கொடையாளர் மறைந்தனர், அல்லது கை சுருக்கினர். எஞ்சிய சிலரிடமே எல்லாக் கல்லூரித் தலைவர்களும் தனித்தனியே மடல் எழுதினர். தனித்தனியே பயணம் செய்தனர். திரட்டுவதற்கே பெருஞ்செலவு ஆயிற்று. ஒருவர்க்குக் கிடைத்தது மற்றவர்க்கு இழப்பாயிற்று. டஸ்கீகி கல்வி நிறுவனத் தலைவர் ஃபிரெடெரிக் பேட்டர்சன் என்பார் (இவர் தொழிலால் கால்நடை மருத்துவர்) 1943ஆம் ஆண்டு ஜனவரியில் பிட்ஸ்பர்க் கூரியர் என்னும் கறுப்பினச் செய்தித்தாளில் ஒரு கட்டுரை எழுதினார். தனித்தனியே கேட்பதை விடுத்து, எல்லாரும் சேர்ந்து நாடு முழுவதையும் ஒரே குரலில் கேட்போம் என்பது அதன் சாரம். இளம்பிள்ளை வாத ஒழிப்புக்குப் பொதுமக்களிடம் சில்லறைக் காசு திரட்டிய இயக்கம் அவர்க்கு முன்மாதிரியாய் இருந்தது.

சொல்வது எளிது. தம் கொடையாளர் பெயர்ப்பட்டியலைப் பிறர்க்குக் காட்ட எந்தக் கல்லூரித் தலைவர்தாம் மனமுவந்து முன்வருவார்? ஓரளவு பெயர்பெற்ற கல்லூரி, தன் பெயரால் வருவதை நலிந்த கல்லூரியோடு ஏன் பங்கிட வேண்டும்? நம் ஊர்களில் நிதி திரட்டிப் பழகிய பெரியோர் இதன் அருமையை நன்கு அறிவர். அத்தயக்கத்தை வென்று, 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், இருபத்தேழு கல்லூரிகள் சேர்ந்து ‘ஐக்கிய நீக்ரோ கல்லூரி நிதி’யைப் பதிவுசெய்தன. நீக்ரோ என்பது அக்காலத்து வழக்கு. அமைப்பின் பெயரில் மட்டும் இன்றளவும் நிற்கிறது. அரசுக் கல்லூரிகளுக்கு இதில் இடமில்லை. தனியார் கல்லூரிகளே உறுப்பினர். பெத்தூன்-குக்மன் கல்லூரி அவற்றுள் ஒன்று. பேட்டர்சனுடன் முன்னின்று உழைத்தவராக அம்மையார் பெயர் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. நாற்பதாண்டுக் காலம் வீடுவீடாகக் கதவு தட்டிய ஒருவர், இனித் தனியே தட்ட வேண்டா என்னும் முடிவுக்குத் துணைநின்றதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ரூஸ்வெல்ட்டும் இளைய ராக்ஃபெல்லரும் ஆதரவளித்தனர். முதலாண்டு இயக்கத்திலேயே ஏழரை இலட்சம் டாலருக்கு மேல் திரண்டது.

1945இல் ஐக்கிய நாடுகள் அவையைத் தோற்றுவித்த சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் டு போய்ஸ், வால்ட்டர் ஒயிட் ஆகியோருடன் அம்மையாரும் ஆலோசகராய்க் கலந்துகொண்டார். 1946இல் மீண்டும் ஓராண்டுக் காலம் கல்லூரித் தலைமை அவர் தோளில் ஏறியது. 1955ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், வளாகத்திலேயே இருந்த தம் இல்லத்தில் உயிர் நீத்தார். அவ்வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 2007இல் கல்லூரி பல்கலைக்கழகமாயிற்று. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஃபுளோரிடாவின் சார்பில் நெடுங்காலம் நின்றது, அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி ஒருவரின் சிலை. அது அகற்றப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஜூலையில் அதற்கு ஈடாகப் பெத்தூன் அம்மையாரின் பளிங்குச் சிலை நிறுவப்பட்டது.