நியாயவாதி இராமநாதன்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) அவர்களை இரு கல்லூரிகளை நிறுவிய வள்ளலாகவே நம் மாணவர் பெரிதும் அறிவர். நியாயவாதியாகிய இராமநாதனையும் அவர்கள் அறிதல் வேண்டும் என்பது எமது விருப்பம்.

1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாக விளங்கிய அவர், முடிக்குரிய வழக்குகளை நடத்தியவர். ஒருவர்மீது குற்றஞ் சாட்டுவதன் பொறுப்பை அவர் நன்குணர்ந்திருந்தார்.

1915ஆம் ஆண்டிலே சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே பெருங் கலகம் மூண்டது. யூன் மாதத்தில் அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. நாட்டின் சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கவும், எதிரிகள் பலர் இராணுவ நீதிமன்றங்களின் முன் நிறுத்தப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் அரசத் துரோகக் குற்றத்துக்காக யூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைவர்கள் பலர் சிறையிலிடப்பட்டனர்.

அவ்வேளை இராமநாதன் வாளாவிருந்தாரல்லர். சட்டநிரூபண சபையில் எழுந்து, நடந்தவற்றை ஆராய விசாரணைக் குழு வேண்டுமென வாதாடினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, அறுபத்து நான்கு வயதில், கடல் கடந்து இங்கிலாந்து சென்று முறையிட்டார். அவர் எழுதிய நூல் 1916இல் இலண்டனில் வெளியாயிற்று. மீண்டு வந்த அவரது வண்டியைச் சிங்களத் தலைவர்கள் தாமே இழுத்துச் சென்றனர்.

உயிரும் உடைமையும் இழந்த முஸ்லிம்கள் அவர் நிலைப்பாட்டால் மனம் வருந்தியதையும் நாம் மறைத்தல் தகாது. அவர்கள் துயரும் நீதி வேண்டி நின்றதே. எனினும், முறையான விசாரணையின்றி விதிக்கும் தண்டம் எவர் துயரையும் ஆற்றாது. சட்டங் கற்கப் புகும் நம் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.