தேனி நியூட்ரினோ திட்டம்: 1,500 கோடியை யார் முடிவு செய்தது? 1944ல் ஒரு கடிதம் எழுதிய ஹோமி பாபாவின் கதை

கம்பம் பள்ளத்தாக்கில் காமயகவுண்டன்பட்டி என்றால் பலருக்கும் பன்னீர் திராட்சைதான் ஞாபகம் வரும். அதே உத்தமபாளையம் தாலுகாவில், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருக்கிறது பொட்டிபுரம். நியூட்ரினோ ஆய்வகம் வருமா, வராதா என்று வருஷக்கணக்கில் சர்ச்சை ஓடியது இந்த ஊரை வைத்துத்தான். மலையைக் குடைந்து சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதை, உள்ளே 50,000 டன் இரும்பில் ஒரு கருவி. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய்.

இவ்வளவு பணம் ஒரு ஆராய்ச்சிக்குப் போகணும்னு யார் முடிவு பண்றாங்க? 2015 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது மத்திய அமைச்சரவை. ஆனா கேட்டு வாங்கும் வழியைப் போட்டு வைத்தவர் 1966லேயே இறந்துபோன ஒரு மனிதர்.

யார் இந்த ஹோமி பாபா?

1909 அக்டோபர் 30, பம்பாயில் ஒரு வசதியான பார்சி குடும்பத்தில் பிறந்தவர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. அப்பா வழக்கறிஞர். அத்தை மெஹர்பாயின் கணவர் சர் தோராப்ஜி டாடா. பையன் கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் முடிச்சுட்டு ஜாம்ஷெட்பூர் இரும்பு ஆலைக்கு வந்துடணும் என்பது வீட்டாரின் கணக்கு. பாபாவுக்கோ இயற்பியல் மேல்தான் ஆசை. இன்ஜினீயரிங்கில் முதல் வகுப்பு வாங்கிக் காட்டிவிட்டு இயற்பியல் பக்கம் திரும்பினார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பற்றிய ஆய்வில் 30 வயதுக்குள் உலகம் முழுக்கப் பேர் வாங்கினார்.

1939ல் விடுமுறைக்கு இந்தியா வந்த நேரத்தில் இரண்டாம் உலகப் போர் வெடித்தது. திரும்பிப் போக முடியவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி.ராமனோடு வேலைக்குச் சேர்ந்தார். போர் மட்டும் வராமல் இருந்திருந்தால் அவர் இங்கிலாந்திலேயே ஒரு பேராசிரியராக இருந்திருக்கலாம்.

ஒரு கடிதம்

1944 மார்ச் 12. தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு பாபா ஒரு கடிதம் எழுதுகிறார். அடிப்படை இயற்பியலுக்கு தனியா ஒரு ஆராய்ச்சிப் பள்ளி வேண்டும், இன்னும் இருபது வருஷத்தில் அணுவிலிருந்து மின்சாரம் வரும்போது இந்தியா நிபுணர்களுக்காக வெளிநாட்டைப் பார்த்து நிற்கக் கூடாது என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழ அப்போது இன்னும் 17 மாதம் இருந்தது!

அத்தை கணவர் பேரில் இருந்த அறக்கட்டளை என்பது உதவியதா? உதவாமல் இருந்திருக்காது. எத்தனையோ திறமைசாலிகளுக்கு அப்படி ஒரு கதவு அன்று கிடையாது. 1945ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. பொட்டிபுரம் திட்டத்தை முன்னின்று நடத்தும் நிறுவனம் இதுதான்.

நேருவோடு நேரடி லைன்

நாடு விடுதலை அடைந்த பிறகுதான் பாபாவின் உண்மையான சாமர்த்தியம் வெளியே தெரிந்தது. 1948ல் அணுசக்தி ஆணையம், தலைவர் பாபா. 1954ல் அணுசக்தித் துறை, செயலாளரும் பாபா. இந்தத் துறைக்கு தனி அமைச்சர் வைக்கவில்லை, நேராக பிரதமரிடம். அலுவலகம்கூட டெல்லியில் இல்லை, பம்பாயில். 1958ல் ஆணையத்துக்கு முழு நிதி அதிகாரமும் கிடைத்தது. நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்துக்குள் எதற்கு எவ்வளவு என்பதை ஆணையமே முடிவு செய்யலாம். நிதிக்கான உறுப்பினர் ஆணையத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஃபைல் மேஜை மேஜையாக அலைய வேண்டாம்.

பலன் வேகமாகவே வந்தது. 1956ல் டிராம்பேயில் 'அப்சரா' அணு உலை இயங்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருந்த கோவிந்த் ஸ்வரூப்பை பாபா அழைத்து வந்தார். ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியவர் அவர்தான். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்துக்குள் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கச் சொன்னவரும் பாபாதான். 1965ல், பூமிக்குக் கீழே சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில், காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடயம் அங்கே கிடைத்தது. பின்னாளில் அந்தச் சுரங்கம் மூடப்பட, மாற்று இடம் தேடியவர்கள்தான் கடைசியில் தேனி மலைக்கு வந்தார்கள்.

புற்றுநோய்க்கும் அணுசக்திக்கும் என்ன சம்பந்தம்?

மும்பை டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை இன்றும் சுகாதாரத் துறையின் கீழ் இல்லை, அணுசக்தித் துறையின் கீழ் இருக்கிறது. ஏன்?

பாபாவின் அத்தை மெஹர்பாய் 1931ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த வருஷமே தோராப்ஜியும் போய்விட்டார். அவர் அறக்கட்டளைப் பணத்தில் 1941ல் எழுந்தது அந்த மருத்துவமனை. 1957ல் அதை மத்திய சுகாதார அமைச்சகம் எடுத்துக்கொண்டது. கதிர்வீச்சு சிகிச்சைக்கும் மருத்துவ ஐசோடோப்புகளுக்கும் அணு விஞ்ஞானம் தேவை என்பதைப் பார்த்த பாபா, 1962ல் அதை தன் துறைக்குள் கொண்டு வந்தார். பணம் வரும் வழி மாறியது, மருத்துவமனையின் தலையெழுத்தும் மாறியது. இன்று வாரணாசியிலும் விசாகப்பட்டினத்திலும் அதன் கிளைகள் பாபா பெயரிலேயே இயங்குகின்றன.

சென்னையைப் பாருங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அவருக்கு பிரதமர் அலுவலக லைன் கிடையாது. ஊர் ஊராக நன்கொடை திரட்டித்தான் அது வளர்ந்தது. இரண்டு இடமும் பார்த்தது ஒரே நோயைத்தான்.

எதிர்த்தவரும் உண்டு

இயற்பியலாளரும் எம்.பி.யுமான மேகநாத் சாஹா, அணு ஆராய்ச்சி ரகசியத் திரைக்குள் போவதையும் பல்கலைக்கழகங்கள் ஓரங்கட்டப்படுவதையும் நாடாளுமன்றத்திலேயே விமர்சித்தார். 1956ல் அவர் மறைந்தார். பல மாநிலப் பல்கலைக்கழக லேப்களின் இன்றைய நிலையைப் பார்த்தால் சாஹா சொன்னதில் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. பாபா கட்டிய அமைப்பு பிரதமருக்குப் பதில் சொல்லப் பழகியது. பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பதில் சொல்லும் பழக்கம் அதற்குக் குறைவு.

பாபா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓவியம் வரைவார், மேற்கத்திய இசை கேட்பார், கட்டடத்துக்கு இடைஞ்சலான மரத்தை வெட்டாமல் வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் நடச் சொல்வார். 1966 ஜனவரி 24, வியன்னாவில் நடந்த சர்வதேச அணுசக்தி முகமைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரின் ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் மீது மோதியது. 117 பேரும் பலி. பாபாவுக்கு வயது 56. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி இறந்து 13 நாள்தான் ஆகியிருந்தது. சதி என்று பேச்சு இன்றுவரை ஓடுகிறது, நிரூபணம் எதுவும் இல்லை.

பொட்டிபுரத்தில் என்ன ஆச்சு?

அமைச்சரவை ஒப்புதல் கிடைத்த சில மாதங்களிலேயே விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனது. 2017ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தியது. 2018ல் மத்திய அரசு மறுபடியும் அனுமதி கொடுத்தது. புலிகள் நடமாடும் வழித்தடம், நீர்ப்பிடிப்புப் பகுதி என்று காரணம் காட்டி, திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்துவிட்டது.