பார்வை போனது, பழக்கம் போகவில்லை
ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜியின் வாழ்க்கை

கண் தெரியாத பாடகர்கள் உண்டு. கண் தெரியாத கவிஞர்களும் உண்டு. கண் தெரியாத ஓவியர் உண்டா?

உண்டு. வங்காளத்தில் பிறந்த பினோத் பிகாரி முகர்ஜி அப்படிப்பட்டவர்.

பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. மற்றொரு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. ஐம்பது வயதைத் தாண்டியதும் அந்தப் பார்வையும் போய்விட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு 20 ஆண்டுகளுக்கு மேல் அவர் படைத்துக்கொண்டே இருந்தார். காகிதத்தில், மெழுகில், சுவரில் அவர் கைவேலை தொடர்ந்தது.

இந்தியாவின் பெரிய ஓவியர்கள் வரிசையில் அவருக்கு இன்று தனி இடம் இருக்கிறது.

இது எப்படி முடிந்தது?

பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை

கல்கத்தா நகரத்தை ஒட்டிய பெஹாலாவில் 1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ந் தேதி பினோத் பிகாரி பிறந்தார். படித்த குடும்பம். அண்ணன்மார்களில் ஒருவரான வன பிகாரி டாக்டர். கதை எழுதுவார், கேலிச்சித்திரமும் போடுவார்.

பினோத் பிகாரி வீட்டின் கடைசிப் பிள்ளை. சின்ன வயதில் அடிக்கடி நோய் வரும். கரும்பலகையில் எழுதியது தெரியாது. புத்தகத்தை மூக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால்தான் எழுத்து தெரியும். மற்றப் பிள்ளைகளைப் போல ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக அவரால் முடியவில்லை.

இந்தப் பிள்ளை என்ன செய்து பிழைக்கப் போகிறான் என்ற கவலை எந்த வீட்டிலும் வரக்கூடியதுதான்.

1917ஆம் ஆண்டில் அவர் சாந்திநிகேதனுக்கு அனுப்பப்பட்டார். கவி ரவீந்திரநாத் தாகூர் நடத்திவந்த பள்ளி அது. மரத்தடியில் வகுப்பு நடக்கும். பிள்ளைகளை அவரவர் போக்கில் வளர விடுவார்கள். பார்வை குறைந்த சிறுவனுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

1919இல் தாகூர் அங்கே கலாபவனம் என்ற ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். அதில் சேர்ந்த முதல் மாணவர்களில் பினோத் பிகாரியும் ஒருவர்.

தாகூர் கேட்ட கேள்வி

கலாபவனத்தில் ஆசிரியராக இருந்தவர் நந்தலால் போஸ். பின்னாளில் இந்திய அரசியல் சட்டத்தின் மூலப் பிரதிக்குச் சித்திர அலங்காரம் செய்தவர் அவர்தான். மாணவர்களிடம் மிகுந்த அன்பு கொண்டவர்.

பினோத் பிகாரியைப் பார்த்து அவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. கண்ணே சரியில்லாத பையன். ஓவியத்தை நம்பி வாழ்க்கையை வீணாக்கிக் கொள்வானே என்று நினைத்தார். தம் கவலையைத் தாகூரிடம் சொன்னார்.

பையனுக்குத் திறமை இருக்கிறதா என்று தாகூர் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் கண் தெரிகிறது என்றும் கேட்கவில்லை. அவன் தவறாமல் தன் இடத்தில் வந்து உட்காருகிறானா, மனம் வைத்து வேலை செய்கிறானா என்று மட்டும் கேட்டார்.

செய்கிறான் என்று நந்தலால் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் அவனை அவன் வழியில் விட்டுவிடுங்கள் என்று தாகூர் சொல்லிவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது.

பினோத் பிகாரியின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தது. தவறாமல் வந்து உட்காருவது. மனம் வைத்து வேலை செய்வது. கண் செய்ய முடியாததை இந்தப் பழக்கம் அவருக்குச் செய்து கொடுத்தது.

செம்மண் பூமி

சாந்திநிகேதனைச் சுற்றி வறண்ட செம்மண் பூமி. மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும். அதைக் கோயாய் என்பார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனைமரங்கள் நிற்கும். சந்தால் மக்கள் மாடு ஓட்டிக்கொண்டு போவார்கள்.

புராணக் கதைகளையும் ராஜாக்களையும் வரைவதே சிறப்பு என்று பல ஓவியர்கள் நினைத்த காலம் அது. பினோத் பிகாரி இந்த வெறும் பூமியைத்தான் திரும்பத் திரும்ப வரைந்தார். கனத்த கண்ணாடி போட்டுக்கொண்டு, தாளைக் கண்ணோடு ஒட்ட வைத்துக்கொண்டு வரைவார்.

குருவிடமும் இதே பழக்கத்தை அவர் பார்த்தார். நந்தலால் எங்கே போனாலும் கையில் அட்டையும் பேனாவும் இருக்கும். கண்ணில் பட்டதைத் தபால் கார்டில் வரைந்து நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அனுப்பிக்கொண்டே இருப்பார்.

பினோத் பிகாரி சீன, ஜப்பானிய முறையில் நீளமான சுருள் ஓவியங்களும் வரைந்தார். சுருளை முழுவதும் விரித்துப் பார்க்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரித்துப் பார்த்துக்கொண்டே போகலாம். கிட்டத்தில் மட்டுமே பார்க்க முடிந்தவருக்கு அது பொருத்தமாக அமைந்தது. 1937–38இல் ஜப்பானுக்கே போய் அந்நாட்டு ஓவியர்களின் வேலையை நேரில் பார்த்து வந்தார்.

சம்பள வேலையும் சித்திரமும்

படம் வரைவதைத் தவிர வேறு வேலையே இல்லாமல் அவர் வாழ்ந்ததாக நினைத்துவிடக் கூடாது.

1925 முதல் அவர் கலாபவனத்தில் ஆசிரியர். அங்குள்ள நூலகத்தையும் கண்காட்சிச் சாலையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருடையது. பாடம் நடத்த வேண்டும். புத்தகங்களையும் பொருள்களையும் கவனிக்க வேண்டும். இந்த வேலைகளுக்கு நடுவேதான் ஓவியமும் நடந்தது.

நூலக வேலையை அவர் சுமையாக நினைக்கவில்லை. உலகத்துக் கலை நூல்களையெல்லாம் கண்ணருகே வைத்துப் படித்தார். கலை வரலாற்றில் தேர்ந்த அறிவு பெற்றார். அந்த அறிவு பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

நெடுஞ்சுவர்

1940இல் கலாபவன விடுதி ஒன்றின் மேற்கூரையில் அவர் ஓவியம் தீட்டினார். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி மரம், மாடு, மனிதர் என்று ஒரு வங்கக் கிராமமே விரியும். அந்த ஆண்டு மாணவராக வந்து சேர்ந்த ஓர் இளைஞர் அண்ணாந்து பார்த்து அசந்துபோனார். அவர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற திரைப்பட இயக்குநர் சத்யஜித் ரே.

1942இல் சீன பவனத்துச் சுவரில் சாந்திநிகேதனின் அன்றாட வாழ்க்கையைத் தீட்டினார்.

அடுத்து வந்தது பெரிய வேலை. 1946–47இல் ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்காலத்து அருளாளர்களின் வாழ்க்கையைத் தீட்டினார். மொத்த நீளம் ஏறத்தாழ 77 அடி!

தமிழ்நாட்டு இராமானுஜர் அந்தச் சுவரில் இருக்கிறார். கபீர்தாசர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த சிங் ஆகியோரும் இருக்கிறார்கள். அவர்களைச் சுற்றி நெசவாளரும் உழவரும் சாதாரண ஜனங்களும் கூட்டமாக நிற்கிறார்கள். தெற்கே பிறந்த பக்தி வடக்கே ஆறாக ஓடியதை அந்தச் சுவர் காட்டுகிறது.

இந்த வகை ஓவியம் எளிதானதல்ல. சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் கரைத்த வண்ணத்தைத் தீட்ட வேண்டும். சாந்து காயும்போது வண்ணத்தையும் தனக்குள் இழுத்துக்கொண்டு இறுகிவிடும். அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் பூசலாம். தவறு நேர்ந்தால் அழிக்க முடியாது. சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டியதுதான்.

அவ்வளவு பெரிய சுவருக்கு முழு அளவு மாதிரிப் படம் எதையும் அவர் தயாரிக்கவில்லை. சிறிய குறிப்புப் படங்களை வைத்துக்கொண்டு நேராகச் சுவரிலேயே வரைந்தார். முழுச் சுவரையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாதவர், முழுச் சுவரையும் மனத்தில் வைத்திருந்தார்!

மாணவர்கள் உடன் நின்று உதவினார்கள். அவர்களில் ஒருவர் கே. ஜி. சுப்ரமணியன். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். 1942 போராட்டத்தில் சிறை சென்றவர். 1944இல் சாந்திநிகேதனுக்கு வந்த அவர், பின்னாளில் நாட்டின் முன்னணி ஓவியர்களில் ஒருவரானார்.

ஊர் விட்டு ஊர்

சுவர் வேலை முடிந்த சிறிது காலத்தில் பினோத் பிகாரி சாந்திநிகேதனை விட்டு வெளியேறினார். நேபாளத் தலைநகர் காட்மாண்டுவில் அரசாங்க அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். அங்கிருந்து ராஜஸ்தானிலுள்ள வனஸ்தலி வித்யாபீடத்துக்குப் போனார். பிறகு மசூரி மலையில் மனைவி லீலாவுடன் சேர்ந்து ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். லீலாவும் ஓவியர், சாந்திநிகேதனில் படித்தவர்.

பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு அந்த வாழ்க்கை தெரியும். புது இடம், புது பாஷை, நிச்சயமில்லாத வருமானம். இடையில் ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. ஆனாலும் போன இடமெல்லாம் அவர் வரைவதை நிறுத்தவில்லை. நேபாளத்துத் தெருக்களும் கோயில்களும் மனிதர்களும் அவர் தாள்களில் ஏறினார்கள்.

இருள்

1950களின் நடுப்பகுதியில் அவருடைய நல்ல கண்ணில் புரை படர்ந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அது வெற்றி பெறவில்லை. எஞ்சியிருந்த பார்வையும் போய்விட்டது.

குடும்பம் இருக்கிறது. சிறு பெண் இருக்கிறாள். கற்ற தொழிலோ ஓவியம். அந்தத் தொழிலுக்கு வேண்டிய கண்ணே இப்போது இல்லை.

இதோடு முடிந்தது என்று அவர் உட்கார்ந்துவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1958இல் அவர் சாந்திநிகேதனுக்குத் திரும்பினார். கலை வரலாறு கற்பிக்கத் தொடங்கினார். பல ஆண்டுகளாகப் படித்ததெல்லாம் நினைவில் இருந்தது. புத்தகத்தைப் பார்க்காமலே ஓவியங்களை விளக்கிச் சொல்வார்.

பாடம் நடத்தியதோடு அவர் நிற்கவில்லை. மறுபடியும் தம் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

விரல்களே கண்கள்

மெழுகைப் பிசைந்து சிறு சிறு உருவங்கள் செய்தார். மெழுகு கையில் பட்டால் உருவம் தெரிந்துவிடும், கண் வேண்டியதில்லை. காகிதத்தை மடித்து மனிதர்களையும் விலங்குகளையும் செய்தார். வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டிப் படமாக்கினார். எந்தக் காகிதம் என்ன நிறம் என்று அருகில் இருப்பவர்கள் சொல்வார்கள். எது எங்கே வர வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார். பேனாவால் கோட்டோவியங்களும் வரைந்தார். கல் அச்சில் படங்கள் போட்டார்.

பழைய நிலப்படங்களைப் போன்ற நுணுக்கம் இவற்றில் இல்லை. வேறொரு தெளிவு இருக்கிறது. ஒரு மடிப்பு, ஒரு வெட்டு, ஒரு கோடு. அதிலேயே உட்கார்ந்திருக்கும் மனிதன் தெரிவான். தேவையற்றது எதுவும் இருக்காது.

1972இல், 68ஆம் வயதில், கலாபவனத்தின் வெளிச்சுவர் ஒன்றில் ஓடுகள் பதித்து ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். காகிதத்தை மடித்து உருவங்களைத் தாமே செய்தார். அவற்றின்படி ஓடுகள் தயாராயின. ஓட்டை விரலால் தடவிப் பார்ப்பார். மாணவர்கள் சுவரில் பதித்தார்கள். ஹிந்தி பவனத்துச் சுவரை மனத்தில் வைத்திருந்தவருக்கு இந்தச் சுவரை வைத்திருப்பது புதிதல்ல.

அதே ஆண்டில் பழைய மாணவர் சத்யஜித் ரே தம் ஆசிரியரைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்ற ஆவணப் படத்தை எடுத்தார். அகக்கண் என்று பொருள். 20 நிமிடமே ஓடும் அந்தப் படம் தேசிய விருது பெற்றது.

கையால் எழுத முடியாதபோது அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். தம் வாழ்க்கையைப் பற்றி ‘சித்ரகர்’ என்ற வங்க நூல் அப்படிப் பிறந்தது. அதற்கு வங்காளத்தின் ரவீந்திர விருது கிடைத்தது. 1974இல் இந்திய அரசு பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1977இல் விசுவபாரதி பல்கலைக்கழகம் தேசிகோத்தம விருது அளித்தது.

1980ஆம் ஆண்டு நவம்பர் 11ந் தேதி அவர் காலமானார். மகள் மிருணாளினி முகர்ஜி பெயர் பெற்ற சிற்பியானார்.

பழக்கம் செய்த வேலை

இருள் வந்த பிறகு அவருக்குத் திடீரென்று புதிய சக்தி எதுவும் வந்துவிடவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் நாள் தவறாமல் செய்த வேலை அவர் கையில் ஊறியிருந்தது. வரிசையாக நிற்கும் மனிதர்களை எப்படி அமைப்பது, ஒரு வளைவு எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் கண்ணைக் கேட்காமலே கைக்குத் தெரிந்திருந்தது. சமையலறை இருட்டிலும் அம்மாவின் கை உப்பு ஜாடிக்குச் சரியாகப் போகிறதே, அதைப் போல.

மனம் கனிந்த அன்றைக்கு மட்டும் வரைவது என்று அவர் இருந்திருந்தால், பார்வை போன அன்றே எல்லாம் போயிருக்கும்.

பகலெல்லாம் காரியாலயத்திலோ ஆலையிலோ உழைத்துவிட்டு, ஒண்டிக் குடித்தனத்தில் ஒரு மூலையில் வீணை பழகுகிறவர் இருக்கலாம். கதை எழுதுகிறவர், கோலத்தில் புதுப் புதுப் புள்ளி வைத்துப் பார்க்கிறவர் இருக்கலாம். நேரம் இல்லை, இடம் இல்லை, இந்த வயதில் இது எதற்கு என்று மனம் தளரும் நாள்கள் எல்லாருக்கும் வரும்.

தாகூர் அன்று கேட்டது திறமையைப் பற்றியதல்ல. தவறாமல் வந்து உட்காருகிறாயா என்பதுதான் அவர் கேள்வி. அரை மணி நேரமானாலும் சரி, இன்று உட்கார்ந்தவருக்கு நாளைக்கு உட்காருவது எளிது.

2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சாந்திநிகேதன் இடம் பெற்றது. ஹிந்தி பவனத்துச் சுவரில் இராமானுஜரும் கபீர்தாசரும் இன்னமும் நிற்கிறார்கள். ஈரச் சாந்தில், ஒவ்வொரு நாளும் அன்றன்றைக்கு முடிந்த அளவு தீட்டப்பட்டவர்கள் அவர்கள்.