மரப்பிசினில் அணுவைக் கண்டவர்

அணு என்பது வெறும் கற்பனையே என்று வாதிட்ட அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இருந்தனர். வேதியியல் மேதை ஆஸ்ட்வால்டு அவர்களுள் ஒருவர். அவ்வாதத்தை வீழ்த்தியவர்களுள் என் உள்ளம் கவர்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ழான் பெர்ரின்.

1870இல் லீல் நகரில் பிறந்த இவர், எதிர்மின்வாய்க் கதிர்கள் எதிர்மின்னூட்டம் உடையவை என்று 1895இல் காட்டினார். எனினும், அவர் பெயர் நிலைத்தது மரப்பிசினால்தான்!

ஓவியர்கள் வண்ணமாகப் பயன்படுத்தும் கம்போஜ் என்னும் மஞ்சள் பிசினை நீரில் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்மணிகள் மிதக்கும். காற்று மேலே செல்லச் செல்ல அடர்த்தி குறைவதுபோல் இம்மணிகளும் குறையுமன்றோ? குறையும் விதத்தை எண்ணிப் பார்த்தால் அவகாட்ரோ எண் கிடைத்துவிடும். ஆனால், மணியின் ஆரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். கனஅளவு ஆரத்தின் மும்மடியைப் பொறுத்ததாகையால், ஆரத்தில் நூற்றுக்கு இரண்டு பிழை நேர்ந்தால் விடையில் ஆறு பிழை நேரும்.

முதலில் ஒரே அளவுள்ள மணிகள் வேண்டும். ஒரு கிலோ பிசினை மையவிலக்குப் பொறியில் மீண்டும் மீண்டும் சுழற்றிப் பிரித்தார். பல மாத உழைப்பில் தேறியது ஒரு கிராமுக்கும் குறைவு! அந்தப் பொறுமையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மலைப்பே ஏற்படுகிறது.

ஒற்றை மணியை நுண்ணோக்கியில் அளந்தால் ஒளியின் விளிம்பு விளைவால் அது பெரிதாகத் தோன்றும். எனவே, துளி உலரும்போது மணிகள் வரிசையாக ஒட்டிக்கொள்வதைப் பயன்படுத்தி, வரிசையின் நீளத்தை அளந்து மணிகளின் எண்ணிக்கையால் வகுத்தார். அத்துடன் நின்றாரா? குறிப்பிட்ட எடையில் எத்தனை மணிகள் என்று எண்ணினார். நீரில் அவை இறங்கும் வேகத்தை ஸ்டோக்ஸ் விதியில் பொருத்தினார். மூன்று வழிகளும் ஏறத்தாழ ஒரே விடையைத் தந்தன.

0.212 மைக்ரான் ஆரமுள்ள மணிகள், 30 மைக்ரான் உயரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. காற்று பாதியாக ஐந்தரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும்!

அவர் கண்ட அவகாட்ரோ எண் 6.8, இன்றைய மதிப்பு 6.022 (இரண்டையும் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்குக). வேறுபாடு சிறிதன்று. ஆயினும், வெவ்வேறு வழிகளில் கண்டவை ஒன்றையொன்று நெருங்கியதே அணுவுக்குச் சான்றாயிற்று. ஆஸ்ட்வால்டும் 1909இல் அணுவை ஏற்றார்.

இன்று நானோ துகள்களின் அளவை லேசர் ஒளிச்சிதறலால் நொடிகளில் காண்கிறார்கள். அங்கும் சில பெரிய துகள்கள் கலந்தால் அவற்றின் ஒளியே மேலோங்கி அளவைத் திரித்துவிடும். பெர்ரின் மாதக்கணக்கில் பிரித்தது வீண்வேலையன்று.

1926இல் நோபல் பரிசு பெற்றார். செருமானியர் பிரான்சைக் கைப்பற்றியபின் அமெரிக்கா சென்று, 1942இல் நியூயார்க்கில் மறைந்தார். 1948இல் அவரது உடல் தாயகம் கொண்டுவரப்பட்டு, பாரிசின் பாந்தியனில் அடக்கம் செய்யப்பட்டது.