கடற்செல்வமும் கடன் விடுதலையும்: ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் சரிதம்

பிறர் துயர் களைய முயன்ற பெரியோர்தம் சரித்திரங்களை அவ்வப்போது நினைந்து பார்த்தல் ஒரு சமூகத்திற்கு உரமிடுவது போலாம். அப்பெரியோர் நம் குலத்திற் பிறந்தவராயினும் ஆகுக, கடல் கடந்து வந்தவராயினும் ஆகுக. நம்மனோர் வாழ்வைக் கருதி உழைத்தாரை மறத்தல் நன்றன்று. ஆதலின், சென்னை இராஜதானியின் மீன்துறைக்கு அடிகோலிய ஸர் பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்ஸன் என்னும் ஆங்கிலக் கனவானின் வரலாற்றை நம் சங்க அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

1846-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், 1869-இல் இவ்விராஜதானியின் சிவில் உத்தியோகத்திற் சேர்ந்து கலெக்டர் பதவியும் வகித்தார். 1887-இல் கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றி விரிவானதொரு நூலை வெளியிட்டார். ஊரூராகச் சென்ற அவர் கண்டது ஒன்றே: உழைப்பவன் கையில் விளைவு நிற்பதில்லை, அது கடன் கொடுத்தவன் வாயிலை நோக்கிச் செல்கின்றது.

அந்நோய்க்கு மருந்து தேடுமாறு அரசாங்கம் அவரையே பணித்தது. அவர் ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரு பாகங்களாக அறிக்கை அளித்தார். ஜெர்மனியில் ரைபைஸன் என்பார் ஏழைக் குடியானவரை ஒன்று கூட்டி, ஒருவர்க்கொருவர் பிணையாக நிற்கச் செய்து கடன் பெறுவித்த முறையே நம் நாட்டிற்கும் ஏற்றதென்பது அவர் முடிபு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததற்கு அவர் உழைப்பு ஒரு பெருங்காரணம். அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் அச்சட்டத்தின்படி ஒரு சங்கமும் எழுந்தது.

உத்தியோகத்தினின்று நீங்கியபின் குளிர்ந்த மலையில் இளைப்பாறாது, அவர் கடற்கரையை நோக்கினார். அந்நாளில் மீன்பிடித் தொழிலைக் கவனிக்கத் தனித்துறை இல்லை. உப்புவரியின் சுமையால் உப்பு வாங்கவியலாத ஏழை மக்கள், உவர்மண் கொண்டும் மீனைப் பதப்படுத்த முயன்றனர். அத்தகைய கருவாடு கெட்டு விலையிழந்தது. உப்பை நயமான விலையில் வழங்கும் கருவாட்டுக் களங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்பட்டிருந்தும், வறுமை முற்றும் நீங்கவில்லை. நிக்கல்ஸன் மேல்நாட்டு மீன்தொழிலை அறிந்ததோடு, ஜப்பானுக்கும் சென்று, அந்நாட்டுச் சிறு மீனவர் சங்கமாகக் கூடித் தொழில் நடத்தும் திறத்தைக் கண்டு, 1907-இல் அதுபற்றி எழுதினார். அவ்வாண்டிலேயே சென்னை மீன்துறைக் காரியாலயம் ஏற்பட்டது. அதன் கௌரவ டைரக்டராக 1918 வரை அவர் பணிபுரிந்தார்.

மலையாளக் கரையில் மத்தி மீன் மிகுதியாகக் கிடைக்குங் காலத்தில், அதனைக் கரையிற் குவித்து அழுகவிட்டு எண்ணெய் எடுப்பது பழைய வழக்கம். எண்ணெயும் நாறும், எருவும் தரங்குறையும். புதுமீனைக் கொதிக்கவைத்துப் பிழிந்தால் நல்லெண்ணெயும் நல்லெருவும் கிடைக்குமென்பதைத் தானூரில் அவர் நிலைநாட்டவே, அக்கரையெங்கும் சிறு தொழிற்சாலைகள் பெருகின. சாலியத்தில் மீனை டப்பியில் அடைக்கும் தொழிலையும் சோதித்தார். அவருக்குப்பின் டைரக்டரான ஜேம்ஸ் ஹார்னெல் நம் பாக்கு நீரிணைப் பகுதியின் ஓடங்களையும், சங்கு குளிப்பையும், வலைவகைகளையும் ஆராய்ந்து நூல்கள் எழுதினார்.

எனினும் இயந்திரங்களைக் காட்டிலும் நிக்கல்ஸன் பெரிதாக மதித்தது மீனவனையே. பெருமுதலாளிகள் நீராவிக் கப்பல்களோடு திடீரெனப் புகுந்தால் கரையில் வாழும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலைகுலையும். ஆதலின் இருக்கும் தொழிலையும், தொழிலாளியையும் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பது அவர் கொள்கை. கல்வி, சிக்கனம், கூட்டுறவு ஆகிய மூன்றுமே அதற்கு வழியென்றார். அவர் அந்நிய ஆட்சியின் ஊழியர் என்பதையும், அவ்வாட்சியின் உப்புவரி அவர் காலத்தில் ஒழிந்திலது என்பதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. குணம் நாடிக் குற்றமும் நாடி மிக்கதைக் கொள்வதே முறை. 1936-இல் அவர் காலமானார்.

இனி நம் கரைக்கு வருவோம். நிக்கல்ஸன் உழைத்த நாளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடலே இல்லை. இன்று நம்முடையவையாகிய கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மணமேல்குடியும் கட்டுமாவடியும் அன்று தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. 1974-இல் மாவட்டம் அமைந்தபோதே நம்மோடு இணைந்தன. சுதந்திரத்தின்பின் இயந்திரம் வந்தது. 1953-இல் கேரளக் கரையில் தொடங்கிய நார்வே நாட்டுத் திட்டத்தை அடுத்து விசைப்படகுகள் பெருகி, இறால் ஏற்றுமதியால் பலர் வீடுகளில் செல்வம் சேர்ந்தது. ஆயினும் பாக்கு நீரிணை ஆழமற்ற சிறு கடல். அதன் அடித்தரையிலுள்ள கடற்புல்லே இறாலுக்கும் நண்டிற்கும் மீன்குஞ்சுகட்கும் தொட்டில். இழுவைமடி அத்தொட்டிலை வாரிச் செல்கின்றது. நம் பக்கத்திற் குறைந்த மீனைத் தேடி எல்லை தாண்டிய சகோதரர் இலங்கைச் சிறையில் வாடுவதும், அக்கரைத் தமிழ் மீனவர் தம் வலை அறுந்து கண்ணீர் வடிப்பதும் நாம் அறிந்தனவே.

சட்டம் இல்லாமலில்லை. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் கரையையடுத்த 3 கடல் மைலை நாட்டுப்படகினர்க்கென ஒதுக்கிற்று. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆவுளியா என்னும் கடற்பசுவின் காப்பகமாயிற்று. இவற்றை அதிகாரிக்கு அஞ்சிக் காத்தல் வேறு. நம் பிள்ளைகளின் சொத்தென்று காத்தல் வேறு. பின்னதே நிக்கல்ஸன் வேண்டியது.

அன்பர்காள்! நம் சங்கத்தில் விசைப்படகுடையாரும் உளர், நாட்டுப்படகில் செல்வாரும் உளர். முன்பணம் கொடுத்தவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க வேண்டிய நிலை இருசாரார்க்கும் பெரிதும் பொதுவன்றோ? கடன்பட்டவன் கடலில் நிதானம் காட்டவியலான். தவணைக்கு அஞ்சி, குஞ்சு மீனையும் வாருவான். ஆதலின் கடன் தீர்ந்தாலன்றிக் கடல் பிழையாது. பட்டினந்தோறும் சிறுசேமிப்பைத் தொடங்குவோம். பெண்மக்களிடம் கணக்கை ஒப்புவிப்போம். பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்தாதிருப்போம். இருவகைப் படகினரும் ஓரிடத்தமர்ந்து தம்முள் வரையறை செய்துகொள்வோம். எங்கிருந்தோ வந்த ஒருவர் நம் கரைக்காக முதுமையிலும் உழைத்தார்; நம் கரைக்கு நாமே உழையாதிருத்தல் தகுமா? சிந்திப்போமாக.